குதிகால் நரம்புக்குப் பளு கொடுப்பது எப்படி

பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது என் பிசியோதெரபி கிளினிக். ஏறி வர 14 படி, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலிக்காரர்கள் அதற்காக என்னைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் குதிகாலுக்கு மேலே வலி என்று வருபவர்களுக்கு அந்தப் படிக்கட்டுதான் மருந்தே. ஏறி வரும் சத்தத்தை வைத்தே எந்தக் கால் என்று பாதி நாள் சொல்லிவிடுவேன்.

கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் தடித்த பட்டை இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. ஊரில் எல்லோரும் குதிகால் நரம்பு என்பார்கள். அது நரம்பு இல்லை. பாடப்புத்தகத்தில் தசைநாண், கிளினிக்கில் டெண்டான், முழுப்பெயர் அக்கிலிஸ் டெண்டான். காலையில் எழுந்து முதல் பத்தடி விறைத்து நொண்டுகிறீர்கள், நடக்க நடக்கச் சரியாகிறது, சாயங்காலம் ஓடினால் மறுநாள் மறுபடி அதே கதை என்றால் மேலே படியுங்கள். உள்ளங்காலில், குதிகாலுக்கு அடியில் குத்தும் வலி வேறு. அதற்கு இது பொருந்தாது.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 38 வயதில் தினமும் சாயங்காலம் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தேன். வலது குதிகாலுக்கு மேல் வலி வந்தது. ஊருக்கெல்லாம் உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவன், எனக்கு நானே இரண்டு மாதம் ஓய்வு எழுதிக்கொண்டேன். மெழுகு ஒத்தடம், அல்ட்ராசவுண்ட் எல்லாம் ஆயிற்று. வலியும் போய்விட்டது. திரும்ப மைதானத்துக்குப் போன இரண்டாவது நாள், அதே இடத்தில் முன்பைவிட மோசமாக வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம்தான் இந்தப் பட்டைக்குள் இருக்கும் செல்கள் என்னதான் செய்கின்றன என்று உட்கார்ந்து படித்தேன்.

ஒரு தேங்காய் நார்க் கயிற்றைப் பிரித்துப் பாருங்கள். நார் சேர்ந்து புரி, புரி சேர்ந்து கயிறு. டெண்டானும் அப்படித்தான், நாருக்குப் பதில் கொலாஜன் என்ற புரத இழை. புரிகளுக்கு இடையே மெலிந்து நீண்ட செல்கள் வரிசையாகச் சிக்கிக்கொண்டிருக்கும். டெனோசைட் என்று பெயர். பக்கத்துச் செல்லை நோக்கி மெல்லிய கைகளை நீட்டித் தொட்டுக்கொண்டிருக்கும். எண்ணிக்கையில் கொஞ்சம்தான், ஆனால் புது இழை நெய்வதும் பழையதை வெட்டி எடுப்பதும் இவைதான். எப்போது நெய்ய வேண்டும், எப்போது வெட்ட வேண்டும் என்று அவை தெரிந்துகொள்வது, பெரும்பாலும், தாங்கள் எவ்வளவு இழுபடுகிறோம் என்பதை வைத்துத்தான்.

அதற்கான ஏற்பாடு செல்லின் உறையிலேயே இருக்கிறது. இன்டெக்ரின் என்ற புரதங்கள் கொக்கி மாதிரி வெளியே கொலாஜனைப் பிடித்திருக்கும், உள்ளே செல்லின் சட்டகத்தோடு கட்டியிருக்கும். அந்தக் கட்டில் டாலின் என்று ஒரு புரதம் மடிந்து கிடக்கும். இழுவை வந்தால் மடிப்பு பிரியும், பிரிந்த இடத்தில் வின்குலின் என்ற இன்னொரு புரதம் வந்து ஒட்டும். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது. இறுகிய முடிச்சிலிருந்து செய்தி உட்கருவரை போய்ச் சேரும்.

இன்னொரு வழி பியீசோ1. இது உறையில் இருக்கும் ஒரு வாசல். உறை இழுபட்டால் திறந்து கால்சியத்தை உள்ளே விடும். 2010இல் அமெரிக்காவில் ஆர்டெம் படாபூட்டியனின் ஆய்வகம் இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். செல்லை நுண்ணிய கண்ணாடிக் குழாயால் குத்துவார்கள், அது மின்சாரமாகப் பதில் சொல்லும். சந்தேகத்துக்குரிய 72 மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கிவிட்டுக் குத்திப் பார்த்தார்கள். கடைசியில் ஒன்றை முடக்கியபோது செல் குத்தியும் பேசாமல் இருந்தது. 2021இல் அவருக்கும் டேவிட் ஜூலியஸுக்கும் மருத்துவ நோபல். அதே ஆண்டு ஜூரிக் ஆய்வாளர்கள், டெண்டான் இழுபடும்போது புரிகள் ஒன்றோடொன்று வழுக்கி உரச, நடுவில் இருக்கும் செல்லுக்குள் பியீசோ1 வழியாகத்தான் கால்சியம் பாய்கிறது என்று காட்டினார்கள். அந்த வாசல் தாராளமாகத் திறக்கும்படி மரபணு மாற்றிய எலிகளுக்கு டெண்டான் அதிக விறைப்பாக இருந்தது. விறைப்பு என்றால் இங்கே நல்ல குணம். காலையில் நீங்கள் உணரும் விறைப்பு இல்லை.

சரி, இழுக்காமல் விட்டால்? மிச்சிகனில் ஸ்டீவன் ஆர்னோட்ஸ்கியின் குழு எலி வாலின் டெண்டானை எடுத்து, பளு எதுவும் இல்லாமல் ஊட்டக் கரைசலில் போட்டுவைத்தது. 24 மணி நேரத்துக்குள் செல்கள் கொலாஜனை வெட்டும் நொதியைத் தயாரிக்க ஆரம்பித்துவிட்டன. மெல்ல இழுத்து இழுத்து விட்டபோது அந்தத் தயாரிப்பு அடங்கியது. இதைப் படித்த ராத்திரிதான் என் இரண்டு மாத ஓய்வு எனக்கு உறைத்தது.

ஒரேயடியாகப் பளு ஏற்றினாலும் கெடும். காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். அறிவிப்பு வந்த மறுநாளிலிருந்து வ.உ.சி. மைதானத்தில் நாள் தவறாமல் ஓடி, மூன்றாவது வாரம் நொண்டிக்கொண்டு என் படியேறும் பையன்கள் ஒவ்வொரு தேர்விலும் உண்டு. சில இழைகள் அறுந்தால், அவற்றை ஒட்டியிருக்கும் செல்களுக்கு இழுவை போய்விடும். ஆள் ஓடிக்கொண்டிருந்தாலும் அந்தச் செல்களுக்கு அது ஓய்வுதான், அவை வெட்ட ஆரம்பிக்கும். இது ஆர்னோட்ஸ்கி தரப்பு சொல்லும் விளக்கம். நான் பார்க்கும் கால்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

இனி வேலைக்கு வருவோம். ஆரம்பிக்கும் முன் மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள்.

கட்டிலில் குப்புறப் படுத்து, பாதங்கள் ஓரத்துக்கு வெளியே தொங்கட்டும். வீட்டில் யாரையாவது கெண்டைக்கால் சதையைப் பிடித்து அமுக்கச் சொல்லுங்கள். பாதம் கீழ்நோக்கி அசைய வேண்டும். அசையவே இல்லை என்றால், அல்லது பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி 'டப்' என்று ஒரு சத்தத்தோடு வலி ஆரம்பித்தது என்றால், டெண்டான் அறுந்திருக்கலாம். படிப்பதை நிறுத்திவிட்டு அன்றைக்கே எலும்பு டாக்டரிடம் போங்கள்.

அடுத்து மருந்துச் சீட்டு. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் டெண்டானைப் பலவீனமாக்கும். 2008இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவற்றின் மீது கட்டம் போட்ட எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. அதைச் சாப்பிடும்போதோ, சாப்பிட்டு முடித்த சில வாரங்களிலோ வலி வந்திருந்தால் டாக்டரிடம் பேசாமல் பளு ஏற்ற வேண்டாம். மூன்றாவது, இரண்டு கால் டெண்டானும் கட்டி கட்டியாகத் தடித்திருந்தால் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் பாருங்கள். பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் ஏறும் குடும்பங்களில் அது டெண்டானில் போய்ப் படியும். சர்க்கரை உள்ளவர்களும் இந்தப் பயிற்சியைச் செய்யலாம், ஆனால் பொறுமை இரண்டு பங்கு வேண்டும். சர்க்கரை கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும்.

அப்புறம் வலி எங்கே என்று கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் டெண்டானைக் கிள்ளிக் கண்டுபிடியுங்கள். எலும்புக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே என்றால் நடுப்பகுதி. எலும்பில் ஒட்டும் இடத்திலேயே என்றால் அடிப்பகுதி. அடிப்பகுதிக்காரர்களுக்குக் கீழே தனியாகச் சொல்கிறேன், அதைப் படிக்காமல் படி ஓரத்தில் ஏறி நிற்காதீர்கள்.

முதல் வாரம் அசையாமல் நிற்பது மட்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் பாதி உயரம் தூக்கி 45 வினாடி நில்லுங்கள். இரண்டு நிமிடம் இடைவெளி, மொத்தம் ஐந்து தடவை. இது வலியை உடனே குறைக்கும் என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். என் அனுபவத்தில் பாதிப் பேருக்குக் குறைகிறது, மீதிப் பேருக்கு ஒன்றும் தெரிவதில்லை. கால் பளுவுக்குப் பழகட்டும், ஆளுக்குப் பயம் தெளியட்டும் என்றுதான் கொடுக்கிறேன்.

இரண்டாவது வாரத்திலிருந்து குதிகாலைத் தூக்கி இறக்குவது, மெதுவாக, கனமாக. இந்த இரண்டு சொல்லிலும் ஆளாளுக்குத் தப்பு செய்வார்கள்.

மெதுவாக என்றால் ஏற 3 வினாடி, இறங்க 3 வினாடி. ஒண்ணு ரெண்டு மூணு என்று எண்ணச் சொன்னால் எல்லோரும் இரண்டு வினாடியில் எண்ணி முடித்துவிடுகிறார்கள். என்னிடம் வந்த ஒரு தொடக்கப்பள்ளி டீச்சரம்மா அதற்கு வழி கண்டுபிடித்தார். ஏறும்போது "அ... ஆ... இ...", இறங்கும்போது "ஈ... உ... ஊ...", வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே நிதானத்தில். இப்போது கிளினிக்கில் எல்லோரும் அரிச்சுவடி சொல்லித்தான் குதிகால் தூக்குகிறோம். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் சிரிப்பார்.

கனமாக என்பதற்கு வருகிறேன். ஜெர்மனியில் அடமான்டியோஸ் அரம்பாட்சிஸ் குழு, ஒரே ஆளின் ஒரு காலுக்கு லேசான இழுவையும் மறு காலுக்கு வலுவான இழுவையும் 14 வாரம் கொடுத்துப் பார்த்தது. 3 வினாடி பளு, 3 வினாடி ஓய்வு. டெண்டான் தன் நீளத்தில் 3 சதவீதத்துக்கும் குறைவாக இழுபட்ட காலில் விறைப்பு கூடவில்லை. 4.5 சதவீதத்தை ஒட்டி இழுபட்ட காலில் கூடியது. ரப்பர் பேண்டைப் பாதத்தில் மாட்டி டிவி பார்த்துக்கொண்டே இழுப்பதில் பலன் இல்லாததற்கு இதுதான் காரணம். அந்த இழுவை செல்லின் காதில் விழுவதே இல்லை. ஓடும்போது இந்த டெண்டான் உடல் எடையைப் போலப் பத்து மடங்குக்கு மேல்கூடத் தாங்கும். ஃபின்லாந்தின் பாவோ கோமி, டெண்டானைச் சுற்றி அளவுகோல் பதித்து நேரடியாக அளந்தவர், ஒருவருக்கு 9 கிலோநியூட்டன் வரை கண்டார். 900 கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி. அதற்குப் பழக்க வேண்டிய கயிற்றுக்கு ரப்பர் பேண்ட் எந்த மூலைக்கு?

வீட்டில் ஜிம் வேண்டாம். பிள்ளைகளின் பழைய ஸ்கூல் பேக் ஒன்று, ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டுகள் கொஞ்சம். பையை முதுகில் மாட்டி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, படி ஓரத்தில் முன்பாதம் மட்டும் பதிய நின்று குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். முதலில் இரண்டு காலில். அது சுலபமானதும் வலிக்கும் காலில் மட்டும். அதுவும் சுலபமானதும் உப்பு ஒவ்வொன்றாகச் சேரட்டும். எவ்வளவு சேர்க்கலாம் என்றால், 15 தடவை தூக்கி 16ஆவது முடியாது என்கிற அளவு. அதில் 3 சுற்று, சுற்றுக்கு நடுவே 2, 3 நிமிடம். இது ஒரு வாரம். அடுத்த இரண்டு வாரம் பளுவைக் கூட்டி 12 தடவை. அதற்கடுத்த இரண்டு வாரம் 10 தடவை, 4 சுற்று. பிறகு மூன்று வாரம் 8 தடவை, கடைசி நான்கு வாரம் 6 தடவையில் கால் நடுங்கும் அளவுக்குக் கனம். அசையாமல் நின்ற முதல் வாரத்தைச் சேர்க்காமல் மொத்தம் 12 வாரம்.

இது முழங்காலை நேராக வைத்துச் செய்வது. மடக்கி வைத்தும் செய்ய வேண்டும், ஏனென்றால் கெண்டைக்காலில் ஆழத்தில் இருக்கும் சதை அப்போதுதான் முழுசாக வேலை செய்யும். ஸ்டூலில் உட்கார்ந்து, வலிக்கும் காலின் தொடைமேல், முழங்காலை ஒட்டி, துண்டு மடித்துப் போட்டு, அதன்மேல் 25 கிலோ அரிசிச் சிப்பத்தை வைத்துக் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். சிப்பத்தை நீங்களே தூக்கி வைக்காதீர்கள், இடுப்புக்கு இன்னொரு வைத்தியம் பார்க்க வேண்டிவரும். என் நோயாளி ஒருவர் வீட்டில் மாதக் கடைசியில் அரிசி குறையக் குறையப் பளுவும் குறைந்துபோனது. மனைவியிடம் சொல்லி அரிசியைக் கொஞ்சம் முன்னாலேயே வாங்க வைத்தோம்.

வாரத்துக்கு மூன்று நாள் போதும். நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. செல்லுக்கு மூச்சுவிட நேரம் வேண்டும் என்று சும்மா சொல்லவில்லை. பளு கொடுத்த முதல் ஒன்று, ஒன்றரை நாளில் வெட்டுவது கூடுதல், நெய்வது குறைவு. அப்புறம்தான் நெய்வது முந்தும், மூன்று நாள்வரை நீடிக்கும். தினமும் கனமாகச் செய்தால் வெட்டும் நேரத்திலேயே மறுபடி மறுபடி போய் இடிக்கிறீர்கள்.

ஆனால் தினமும் செய்து குணமானவர்களும் உண்டு. ஸ்வீடனில் உமியோ ஊரின் எலும்பு டாக்டர் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் கதை எங்கள் தொழிலில் பிரசித்தம். அவருக்கே இந்த வலி. ஆபரேஷன் செய்துகொள்ளக் கேட்டார், மேலதிகாரி மறுத்துவிட்டார். அப்படியானால் நானே இதை மோசமாக்கிக் காட்டுகிறேன் என்று பளுவைச் சுமந்து படி ஓரத்தில் குதிகாலை இறக்கி இறக்கி வதைத்தார். டெண்டான் அறுவதற்குப் பதில் வலி போய்விட்டது. அதையே முறையாக்கி 15 பேருக்குக் கொடுத்து 1998இல் வெளியிட்டார். ஒரு நாளைக்கு 180 தடவை, 12 வாரம், 15 பேரும் திரும்ப ஓடினார்கள். 2015இல் டென்மார்க்கில் அந்த முறையையும் வாரம் மூன்று நாள் முறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சொன்னபடி செய்தவர்கள் இரண்டாவதில்தான் அதிகம். 180 தடவையை நம் ஆட்கள் நாலு நாள் செய்வார்கள், அஞ்சாம் நாள் போனை எடுக்க மாட்டார்கள்.

வலித்தால் நிறுத்த வேண்டுமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. டீச்சரம்மாவும் கேட்டார்: "ரெஸ்ட் எடுக்கச் சொல்வீங்கன்னு வந்தா, மூட்டை தூக்கச் சொல்றீங்களே சார்?" பத்துக்கு ஐந்து வரை வலி இருக்கலாம் என்றேன். ஸ்வீடனில் காரின் சில்பர்நாகல் குழு சோதித்துச் சொன்ன அளவு அது. நிபந்தனை ஒன்றுதான், மறுநாள் காலைக்குள் அந்த வலி பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். நான் அதோடு ஒரு வீட்டுப்பாடம் சேர்ப்பேன். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி எத்தனை அடி நொண்டினீர்கள் என்று தினசரி காலண்டர் தாளில் எழுதுங்கள். எண்ணிக்கை இரண்டு நாள் தொடர்ந்து ஏறினால் ஒரு உப்புப் பாக்கெட்டை வெளியே எடுங்கள். பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிடாதீர்கள்.

அடிப்பகுதிக்காரர்களுக்கு இப்போது சொல்கிறேன். குதிகால் கீழே இறங்கும்போது டெண்டான் எலும்பின் மேல் அழுந்துகிறது. அழுத்தமும் ஒரு விசைதான், செல் அதையும் கேட்கும். கேட்டுவிட்டு இழுவைக்கான இழைக்குப் பதில், குருத்தெலும்பில் இருப்பது போன்ற, தண்ணீர் பிடித்துவைக்கும் பொருளைச் சுரக்கும். அந்த இடம் தடிக்கும். அதனால் நீங்கள் படி ஓரத்துக்குப் போகாமல் சமதரையில் மட்டும் செய்யுங்கள். சுவரில் சாய்ந்து கெண்டைக்காலை நீட்டி இழுக்கும் பயிற்சியை நிறுத்துங்கள். நிறையப் பேர் அதைச் செய்துதான் வலியை வளர்க்கிறார்கள். குதிகாலைத் தரையில் ஊன்றிக் குத்தவைத்து உட்காருவதும் இதே அழுத்தம்தான். வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும் இருந்தால் மூன்று மாதத்துக்குப் பிளாஸ்டிக் கமோடு நாற்காலி ஒன்று வாங்கி மேலே வைத்துக்கொள்ளுங்கள். தட்டையான ஹவாய் செருப்பை விட்டு, குதிகால் ஒன்றரை சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும் செருப்பு போடுங்கள், வீட்டுக்குள்ளும்.

ஸ்டீராய்டு ஊசி பற்றி என் அபிப்பிராயம்: வலியை அடக்கும், கூடவே கொலாஜன் நெய்யும் செல்லையும் அடக்கும். இந்த டெண்டானில் அதை நான் பரிந்துரைத்ததில்லை.

12 வாரம் முடிந்து ஸ்கேன் எடுத்துப் பார்த்துப் பயப்படாதீர்கள். கெட்டுப்போன பகுதி அநேகமாக அப்படியேதான் தெரியும். 1950, 60களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் ஏறிய கார்பன்-14ஐ வைத்து டென்மார்க்கில் 2013இல் கணக்குப் பார்த்தார்கள். அக்கிலிஸ் டெண்டானின் நடுமையம் சுமார் 17 வயதோடு கட்டி முடிந்துவிடுகிறது, அதற்குப்பின் அது மாற்றிக் கட்டப்படுவதில்லை. பழைய மையம் எப்படியோ இருக்கட்டும், பளுவைத் தாங்கச் சுற்றியிருக்கும் நல்ல பகுதி போதும்.

மறுபடி ஓட, ஆட இறங்குபவர்களுக்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். வலித்த காலில் பை இல்லாமல் 25 தடவை, அரிச்சுவடி வேகத்தில், நல்ல கால் அளவுக்கே உயரமாகத் தூக்க முடிய வேண்டும். முடிந்தால் கயிறு தாண்டுவதில் ஆரம்பியுங்கள், இரண்டு காலில், முதல் நாள் 20 தாண்டல். ஒருநாள் விட்டு 30. ஓட்டம் அதற்கும் இரண்டு வாரம் கழித்து, ஒரு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்து. உப்புப் பையையும் விட்டுவிடாமல் வாரம் ஒரு நாளாவது மாட்டுங்கள். நான் ஷட்டிலுக்குத் திரும்பப் போனது ஐந்தாவது மாதம். பை இன்னும் கிளினிக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது, 18 பாக்கெட்டோடு.